நாற்பத்தோராம் விதியில் ஒரு ‘வரை’

சகாயராஜிடம் பதினொரு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. பார்வைக் கோளாறு ஒன்றுகூட இல்லை.

தடித்த கறுப்புச் சட்டம் போட்டவை நான்கு. விளிம்பில்லாதவை மூன்று. பழுப்பில் இரண்டு, வெள்ளிக் கம்பியில் ஒன்று, அவசரத்தில் எடுத்த வகையில் பெண்களுக்கான ஊதா நிறம் ஒன்று. எல்லாவற்றிலும் வெறும் கண்ணாடி. அறையில் கூடத் தங்கியிருந்தவன், இவன் ரகசியமாகக் கடை வைக்கப் போகிறான் என்று முடிவுகட்டி, பங்கு கேட்கத் தகுந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சகாயராஜுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. பத்திரங்களில் இரட்டைப் பொருள் தரும் வாக்கியங்களைக் கண்டுபிடித்து, அவற்றைத் திருத்தாமல் விட்டுவைக்கும் வேலை. அதில் அவன் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தான். தன் வாழ்க்கையில் தானே எழுதிய ஒரு வாக்கியத்தில் மட்டும் எங்கே பிசகியது என்று மூன்று வருடமாக அவனுக்குத் தெரியவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, கடையில் கூட்டம் குறையும் மதிய வேளையில், அவன் திருச்சி சாஸ்திரி சாலையில் இருந்த அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போவான். கண்ணாடிக் கதவைத் தள்ளுவான். உள்ளே வெள்ளைக் கோட்டில் மணிமொழி நிமிர்ந்து பார்ப்பாள். கண் பரிசோதகர்களுக்கே உரிய முறையில், ஆளைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பாள்.

“சொல்லுங்க சார்.”

அந்த ‘சார்’ ஒவ்வொரு மாதமும் புதிதாக வலித்தது.

*

மூன்று வருடத்துக்கு முன்பு அவள் அவனை ஒருமுறைகூட ‘சார்’ என்றதில்லை. தஞ்சாவூர் சாலையில் ஒரே அறக்கட்டளை நடத்திய கல்லூரிகளில் அவன் பொறியியல், அவள் கண் மருத்துவத் தொழில்நுட்பம். மூன்றாவது ஆள் ஹாஜா. இந்த மூன்று பேரும் வாரத்தில் நான்கு நாள், யாரும் பயன்படுத்தாத பழைய டிராயிங் ஹாலில் உட்கார்ந்து, வாளும் மந்திரமும் அரக்கர்களும் உள்ள ஒரு கதையாட்டம் ஆடினார்கள். ஹாஜா கதையை நடத்துவான். என்ன நடக்கிறது என்று சொல்வான். சண்டை வந்தால் தீர்ப்பும் சொல்வான். அதனால் அவனுக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர். கேண்டீனில் இந்தப் பெயரைக் கேட்டவர்கள் அவன் நன்றாகப் பரோட்டா போடுவான் என்று நம்பினார்கள். மணிமொழி வாள்வீச்சுக்காரி. சகாயராஜ் மந்திரவாதி. இருபது முகமுள்ள ஒரு பகடையை உருட்டினால் வாள் பட்டதா படவில்லையா என்று தெரியும்.

ஆட்டத்தில் பாதி நேரம் சண்டை. மீதி நேரம் விதிகளைப் பற்றிய சண்டை. நெருப்பு மந்திரம் தண்ணீருக்குள் எரியுமா? செத்தவன் ‘எதிரி’ என்ற கணக்கில் வருவானா? ‘தொடும் தூரம்’ என்பது கை நீளமா, வாளோடு சேர்த்தா? இப்படி ஒரு முறை பிற்பகல் முழுவதும் விவாதம் நடந்ததில், அரக்கனுக்குக் கொடுத்த விஷம் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

மணிமொழிதான் ஒரு பொதுச் சட்டம் கொண்டுவந்தாள். “சந்தேகம்னா எதிரிக்குச் சாதகம். நமக்குச் சாதகமா வளைக்க ஆரம்பிச்சா அப்புறம் ஜெயிக்கிறதுல என்னடா இருக்கு?” மூன்று பேரும் கை தூக்கினார்கள். சட்டமாயிற்று.

அந்த வருடம்தான் நெற்றிப்பட்டை வந்தது. துணிப்பட்டை மாதிரி ஒன்று. நெற்றியில் கட்டிக்கொண்டால், ஆட்டத்தின் விதி சொல்வது மனத்துக்குள் உண்மையாகவே நடக்கும். பயமூட்டும் மந்திரம் பட்டால் நிஜமாகப் பயம் வரும். மறதி மந்திரம் பட்டால் நிஜமாக மறந்துபோகும். விதியில் சொன்ன நேரம் முடிந்ததும் தானாக விலகிவிடும். விலக ஒரு சுற்று ஆகும், அதாவது ஆறு வினாடி. விதியை எந்த மொழியிலும் எழுதலாம். மேஜையில் இருப்பவர்கள் எல்லோரும் கை தூக்கினால் போதும். அப்புறம் பட்டை பார்த்துக்கொள்ளும்.

கடைசி ஆட்டத்தில் கண்ணாடி அரக்கன் வந்தான். எதிரே நிற்பவருக்கு யார் மிகவும் வேண்டியவரோ, அவர் முகத்தை எடுத்துக்கொள்வது அவன் வித்தை. அந்த முகத்தை வெட்ட வாள் எழாது. மணிமொழி எதிரே வந்து நின்ற அரக்கன் எந்த முகத்தை எடுத்தான் என்று ஹாஜா சொல்லவில்லை. அவள் சகாயராஜை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வாள் எழவில்லை.

சகாயராஜ் அந்தக் கணத்தை மூன்று வருடமாக வட்டி போட்டு வைத்திருக்கிறான்.

அப்போதுதான் அவன் தன் நோட்டை இழுத்து நாற்பத்தோராம் விதியை எழுதினான். ‘முகமறதி. மந்திரம் போட்டவரைப் பார்க்கும் வரை, அவர் யாரென்று மந்திரம் பட்டவருக்கு நினைவிருக்காது. மந்திரம் போட்டவர் தன்னை இன்னார் என்று தெரிவித்தால், மந்திரம் நிலைத்துவிடும்.’

அவன் திட்டம் எளிமையானது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, அவனை மறந்து, அரக்கனை வெட்டுவாள். பிறகு திரும்பி அவனைப் பார்ப்பாள். பார்த்ததும் நினைவு வரும். ஒரு மனுஷியின் முகத்தில் தான் திரும்பி வருவதை அவன் பார்க்க வேண்டும். அந்த நொடியில், நான்கு செமஸ்டராகச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வாக்கியம் வெறும் அலங்காரம். கொஞ்சம் ஆபத்து இருந்தால்தான் கதைக்கு அழகு என்று சேர்த்தான்.

மணிமொழி படித்துவிட்டு, “டேய், இதுல இந்த...” என்று விரலை ஓர் இடத்தில் வைத்தாள்.

“நேரமில்ல மணி. அரக்கன் நிக்கிறான். கை தூக்கு.”

அவளும் ஹாஜாவும் கை தூக்கினார்கள். பட்டையின் சிறு திரையில், ‘இவ்வாக்கியத்தில் ஐயம் உள்ளது. தொடரலாமா?’ என்று வந்தது. சகாயராஜ் ‘சரி’யை அழுத்தினான். அதுவரை வாழ்க்கையில் வந்த எல்லாத் திரைகளிலும் அவன் அதைத்தான் அழுத்தியிருந்தான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்பிய கையோடு, ஆறு வினாடிக்குள், இரண்டு வெட்டு சரியாக விழுந்தது. அரக்கனுக்கு ஓர் உயிர் மிச்சம். அவளுக்கும் ஓர் உயிர் மிச்சம். அடுத்து அவள் முறை. எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் அரக்கன் செத்தான், ஆட்டம் முடிந்தது, எல்லா மந்திரமும் விலகும். குறைந்து விழுந்தால் அவள் வீழ்ந்தாள். வீழ்ந்தவர் மேல் உள்ள மந்திரம் என்றைக்கும் விலகாது. பகடை அவள் கையில் இருந்தது.

கதவு உடைந்தது.

‘டிராயிங் ஹாலில் பட்டை போடுகிறார்கள், மாஸ்டர் ஒருத்தன் இருக்கிறான்’ என்று வார்டனுக்குத் தகவல் போயிருந்தது. பட்டை என்றால் அவருக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று விபூதி, அதற்கு மாஸ்டர் தேவையில்லை. ஆகவே சாராயம்தான் என்று முடிவு செய்து, ஆறு காவலாளிகளோடும் ஊறலைக் கொட்ட இரண்டு பக்கெட்டோடும் வந்திருந்தார்.

சத்தம் கேட்டு மணிமொழி திரும்பினாள். நேராகச் சகாயராஜைப் பார்த்தாள். அவன் காத்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு.

“இவர் யாருன்னு எனக்குத் தெரியாது சார்,” என்றாள் வார்டனிடம்.

சமயோசிதமான பொய் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய அப்பா அதைப் பின்னாளில் பெருமையாகவே சொன்னாராம். அவளை வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றினார்கள். ஹாஜாவின் வீட்டில் அவனை மஸ்கட்டுக்கு அனுப்பினார்கள். கைபேசிகளும் பட்டைகளும் பறிமுதலாயின. அதே வருடம், இதே மாதிரி பல இடங்களில் பல மறதிகள் நடந்து, பட்டை தடை செய்யப்பட்டது. நிறுவனம் கடையைச் சாத்தும்போது ஒரே ஒரு கடிதம் அனுப்பியது: ‘நடப்பில் உள்ள மந்திரங்கள் அந்தந்த விதிப்படி தாமாக விலகிக்கொள்ளும்.’

*

விதிப்படி. சகாயராஜ் அந்தச் சொல்லை நம்பித்தான் மூன்று வருடம் நடந்தான்.

‘பார்க்கும் வரை’ என்று எழுதியிருக்கிறான். அவள் பார்த்தாள், விலகவில்லை. அப்படியானால் அது சரியான பார்வை இல்லை. கதவுடைந்த பதற்றத்தில் பார்த்தது பார்வையாகுமா? வெளிச்சம் போதவில்லையோ? அவன் அவள் புதிய கல்லூரிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நல்ல வெயிலில் நின்றான். தாடியை எடுத்துவிட்டு நின்றான். கடைசி ஆட்டத்தன்று போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டையில் நின்றான். அவள் பார்த்தாள். “பஸ் போயிடுச்சா அண்ணா?” என்று கேட்டாள். அந்த ‘அண்ணா’வுக்கு ‘சார்’ எவ்வளவோ தேவலை.

தான் யாரென்று சொல்லிவிட முடியாது. சொன்னால் மந்திரம் நிலைத்துவிடும். அலங்காரத்துக்கு எழுதிய வாக்கியம் இப்போது கழுத்தில் கத்தியாக இருந்தது. ஹாஜா மஸ்கட்டிலிருந்து ஒருமுறை, “நான் வேணா சொல்லட்டுமாடா அவகிட்ட? நீதானே சொல்லக்கூடாது,” என்று கேட்டான்.

“தூது விட்டுச் சொன்னாலும் நான் சொன்னதா ஆயிடுச்சுன்னா? சந்தேகம்னா எதிரிக்குச் சாதகம்.”

“இங்க எதிரி யாருடா?”

சகாயராஜ் மஸ்கட்டில் வெயில் எப்படி என்று கேட்டான். விதி விதிதான்.

அவள் படிப்பை முடித்துத் திருச்சிக் கடையில் சேர்ந்த பிறகு அவனுக்கு ஒரு வசதி கிடைத்தது. கண்ணாடி வாங்க வருகிறவனை, கடைக்காரி நின்று நிதானமாக, முகத்துக்கு நேரே பார்த்தாக வேண்டும். இதைவிடச் சரியான பார்வை உலகத்தில் கிடையாது. ஆல்பர்ட் என்று பொய்ப் பெயர் கொடுத்தான். சட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவான். அவள் தலையைச் சாய்த்து, மூக்கின் மேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். சில சமயம் காதோரம் கம்பியைச் சரிசெய்வாள். அவன் மூச்சை அடக்கி ஆறு எண்ணுவான். ஒன்றும் நடக்காது. பில் போடுவாள், அப்போதும் வாடிக்கையாளரை அடிக்கடி நிமிர்ந்து பார்ப்பாள், நல்ல கடைக்காரி.

இப்படிப் பதினொரு முறை. திரும்பும்போது அவன் ஒவ்வொரு தடவையும் கதவுக்கு வெளியே திரும்பிப் பார்ப்பதுண்டு. அவளும் ஒவ்வொரு தடவையும் கையில் இருந்ததை வைத்துவிட்டு, எதையோ தேடுகிறவள் மாதிரி சும்மா நிற்பாள். ஆனால் அவன் பக்கம் பார்க்க மாட்டாள். அதற்கு அவன் எந்தப் பொருளும் கொள்ளவில்லை.

*

பன்னிரண்டாவது தடவை, அவன் சட்டங்கள் இருந்த பக்கம் கை நீட்டியபோது அவள் அவனுடைய வாடிக்கையாளர் அட்டையை எடுத்தாள். பின்பக்கம் திருப்பினாள். யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் புருவத்தைச் சுருக்கினாள்.

“சார், இன்னிக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் விடுவேன்.”

“எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு மேடம்.”

“அப்புறம் எதுக்கு சார் பதினொண்ணு?”

பதில் சொல்ல முடியாத கேள்விக்கு எழுந்து நடப்பதுதான் பதில். அவன் அவள் பின்னால் சோதனை அறைக்குள் போனான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஜன்னலில்லாத சிறிய அறை. அவள் கதவைச் சாத்தி, கீழே இருந்த இடுக்கில் ஒரு துண்டைச் சொருகினாள். கண் சோதிக்க இவ்வளவு முன்னேற்பாடு தேவையா என்று அவனுக்குத் தெரியாது.

“தாடையை இதுல வைங்க. நெத்தி அந்தப் பட்டையில ஒட்டணும்.”

அந்தச் சொல்லில் அவன் கை ஒருமுறை நெற்றிக்குப் போய் வந்தது. நெற்றியை ஒட்டினான்.

அவள் விளக்கை அணைத்தாள். கை தெரியாத இருட்டு.

“ஆறு எண்ணப் போறேன் சார்.”

“எதுக்கு ஆறு?”

“தெரியல சார். கார்டுல எழுதியிருக்கு. என் கையெழுத்துதான்.” குரலில் லேசான எரிச்சல் இருந்தது. “ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.”

ஆறு வரவில்லை. இருட்டுக்குள் யாரோ படியில் கால் தவறியதுபோல ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

“சகா,” என்றாள்.

அவன் வாயைத் திறந்தான்.

“பேசாத. ஒரு வார்த்தை பேசாத. உன் ரெண்டாவது வரி ஞாபகம் இருக்குல்ல? நீ ‘ஆமா, நான்தான்’னு சொன்னா அதோட முடிஞ்சுது. நான் கேக்கிறேன். நீ சார்ட்ல இருக்கிற எழுத்தைச் சொல்லு. ‘ட’ன்னா ஆமா. ‘ப’ன்னா இல்ல. எழுத்துச் சொல்றது கண் டெஸ்ட். அதுல யாரும் குத்தம் கண்டுபிடிக்க முடியாது.”

“ட,” என்றான்.

“நான் உன்ன மறந்துட்டேன்னு நெனச்சியா?”

“ட.”

“மூணு வருஷமாவா?”

“ட.”

“மடையா.” அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நான் ஒரு நாள்கூட மறக்கல. கதவு உடைச்சு இழுத்துட்டுப் போனாங்களே, வராண்டா தாண்டுறதுக்குள்ள நீ ஞாபகம் வந்துட்ட. மந்திரம் என்மேல பலிக்கவே இல்லன்னு நெனச்சேன். இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு... நீ வரவே இல்லன்னு உன்மேல எவ்வளவு கோவமா இருந்தேன் தெரியுமா? வந்துக்கிட்டேதான் இருந்திருக்க. இல்ல?”

அவன் நெற்றியைப் பட்டையில் இன்னும் அழுத்தி, “ட,” என்றான்.

“போன வருஷம் இந்தக் கடையில சேர்ந்தேன். மாசத்துக்கு ஒரு லூசு வருது, பவர் இல்லாத கண்ணாடி வாங்குது. அது கதவத் தாண்டிப் போனதும் உன் ஞாபகம் வருது. முதல்ல ஏதோ தற்செயல்னு விட்டேன். அப்புறம் எண்ணிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் சரியா ஆறாவது செகண்ட். சரின்னு, அன்னிக்கு என் பையோட வந்துட்ட உன் விதி நோட்ட எடுத்துப் படிச்சேன்.”

“நோட்டு உங்ககிட்டயா இருக்கு மேடம்?” என்று கேட்டுவிட்டான். பழக்க தோஷம்.

“மேடமா? சரி, அதுவும் நல்லதுதான், அப்படியே பேசு. சார்... ‘பஸ் வரும் வரை நிற்பேன்’னா என்ன அர்த்தம்?”

“பஸ் வந்ததும் நிக்கிறது முடிஞ்சுது.”

“‘உயிர் இருக்கும் வரை நிற்பேன்’னா?”

அவன் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

“சொல்லுங்க சார். உயிர் வந்ததும் நிக்கிறது முடிஞ்சுதா?”

“இல்ல. உயிர் இருக்கிற... அத்தனை நேரமும்...”

அவன் நெற்றி பட்டையிலிருந்து தானாக விலகியது. எழுதினவன் கண்ணுக்கு எழுதினது தெரியாது, நினைத்ததுதான் தெரியும். ‘அவர்’ என்பது ஒருவரா பலரா என்று ஏழு நாள் யோசித்திருக்கிறான். ‘நினைவு’ என்றால் என்ன என்று அகராதி பார்த்திருக்கிறான். அந்த இரண்டெழுத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான். அவள் அன்றைக்கே விரல் வைத்த இடம்.

அவள் அவனைப் பார்க்கும் வரை. பார்த்துக்கொண்டிருக்கிற அத்தனை நேரமும். அவள் நினைவு வர வேண்டுமென்று அவன் மூன்று வருடமாக, வெயிலிலும் விளக்கிலும், முகத்தைச் சவரம் செய்து, அவள் கண்ணுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தியது மறதியை. வராமல் இருந்த நாட்களில்தான் அவன் அவளோடு இருந்திருக்கிறான்.

“‘வரை’க்கு முன்னால வினை எப்படி வருதுங்கறதப் பொறுத்து மேடம்...” என்று அவன் ஆரம்பித்தான். வேறு எதைப் பேசினாலும் அழுகை வந்துவிடும் போலிருந்தது. “ஒரு நொடியில முடியிற வினைன்னா எல்லை. ‘வரும்’ மாதிரி. நீடிக்கிற வினைன்னா கால அளவு. ‘இருக்கும்’ மாதிரி. ‘பார்க்கும்’ ரெண்டு பக்கமும் சாயும்.”

“இருட்டுல உக்காந்து இலக்கணம் பேசறவன் உலகத்துல ஒருத்தன்தான்டா. நீ அடையாளமே காட்ட வேணாம்.” சிரிப்பா அழுகையா என்று இருட்டில் தெரியவில்லை. “சந்தேகம்னா எதிரிக்குச் சாதகம். பட்டை நம்ம சட்டத்தையும் சேத்துப் படிச்சிருக்கு. ரெண்டு அர்த்தத்துல எது நமக்குக் கெடுதலோ அத எடுத்துக்கிச்சு.”

சுவருக்கு அந்தப் பக்கம் சாஸ்திரி சாலையின் ஹாரன்கள் கேட்டன. அவன் கை மேஜை விளிம்பில் இருந்தது. அவள் விரல்கள் தடவிக்கொண்டு வந்து அதன் மேல் நின்றன. பிடிக்கவில்லை, வெறுமனே இருந்தன.

“இப்படியே இருந்துரலாம்னு கூடத் தோணுது,” என்றாள். “ஆனா எனக்கு உன்னப் பாக்கணும்டா. பாத்து மூணு வருஷம் ஆச்சு. பதினோரு தடவ பாத்தாச்சு, ஒரு தடவ கூடப் பாக்கல.”

இழுப்பறை திறக்கும் சத்தம். ஏதோ ஒன்று எஃகுத் தட்டில் விழுந்து நின்றது. அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். இருபது முகப் பகடை. கதவுடைந்த அன்று அவள் கையில் இருந்தது.

“ஆட்டம் முடிஞ்சா எல்லா மந்திரமும் விலகும். என் முறை பாக்கி இருக்கு. ஹாஜா, இருக்கியா?”

இழுப்பறைக்குள்ளிருந்து, கவிழ்த்து வைத்த கைபேசியின் குரல் வந்தது. “இருக்கேன் மணி. ரெண்டு பேரும் அழுது முடிச்சாச்சா? இங்க எனக்கு மதியக் கூட்டம்.” பின்னால் கல்லில் கரண்டி கொத்தும் சத்தம். மஸ்கட்டில் அவன் உண்மையிலேயே பரோட்டா மாஸ்டராகியிருந்தான். கேண்டீனில் சொன்னவர்கள் தீர்க்கதரிசிகள்.

“உனக்கும் தெரியுமாடா?” என்றான் சகாயராஜ்.

“ஒரு மாசமா. உன்கிட்டச் சொன்னா நீ அதுக்கும் ஒரு விதி எடுப்பன்னு சொல்லல. சரி, கேளுங்க.” ஹாஜாவின் குரல் தாழ்ந்து பழைய டிராயிங் ஹால் குரலாயிற்று. “கண்ணாடி அரக்கன் எதிர்ல நிக்கிறான். அவனுக்கு ஒரு உயிர். வாள்வீச்சுக்காரிக்கும் ஒரு உயிர். எட்டும் அதுக்கு மேலயும் விழுந்தா அவன் காலி. கொறஞ்சா அவ வீழ்ந்தா, மந்திரம் நிலைச்சுது. போடு.”

“அப்படியே விட்டுரலாம் மேடம்,” என்றான் சகாயராஜ். “இருட்டே போதும். எனக்கு இது போதும்.”

“எனக்குப் போதாது.”

பகடை தட்டில் உருண்டது. சுவரில் மோதித் திரும்பியது. நின்றது.

“என்ன விழுந்துச்சு?” என்றான் ஹாஜா.

விளக்கைப் போட்டால் தெரியும். விளக்கைப் போட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஆளோடு ஆட்டத்தை முடிக்க முடியாது. சகாயராஜ் இருட்டில் கையை நீட்டி, பகடையை அசைக்காமல், மேல் முகத்தை ஒரு விரலால் தடவினான். பொறித்த எண். ஒரு வட்டம். ஒரு வால்.

“ஆறா ஒம்பதான்னு தெரியல.”

“புள்ளி இருக்குமேடா. ஆறுக்குக் கீழயும் ஒம்பதுக்குக் கீழயும் ஒரு புள்ளி வச்சிருப்பான்.”

“தேஞ்சு போச்சு. கைக்கு அகப்படல.”

மஸ்கட்டில் கரண்டி நின்றது.

“சந்தேகம்,” என்றான் ஹாஜா மெதுவாக. “சந்தேகம்னா எதிரிக்குச் சாதகம். நான் போட்ட சட்டமில்ல. மணி போட்டது.”

இருட்டு இன்னும் கொஞ்சம் இறுகியதுபோல இருந்தது. அவள் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் வளைத்ததில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருமுறை தன் வாள்வீச்சுக்காரியின் ஒரு கையையே அதற்காக இழந்திருக்கிறாள். அடுத்த எட்டு வாரம் ஒற்றைக் கையால் ஆடினாள்.

“தள்ளு,” என்றாள். அவன் விரல் இருந்த இடத்துக்கு அவள் விரல் வந்தது. தடவினாள். பிறகு நகத்தால் ஒருமுறை, தேவைக்கு மேல் ஒரு கணம், தடவினாள்.

“ஒம்பது,” என்றாள்.

“உறுதியா மணி?” என்றான் ஹாஜா.

“ஒம்பதுன்னு சொல்றேன்ல. சந்தேகமே இல்ல.”

ஹாஜா மூச்சை விட்டான். “மாஸ்டர் தீர்ப்பே இறுதி. அரக்கன் செத்தான். ஆட்டம் முடிஞ்சுது.” அப்புறம் வேறு யாரிடமோ, “ரெண்டு முட்டை பரோட்டாதானே, வருது பாய்,” என்றான். இணைப்பு அறுந்தது.

அவள் எழுந்தாள். சுவரில் அவள் கை சுவிட்சைத் தேடும் சரசரப்பு. சகாயராஜ், இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று கேட்க நினைத்தான். அதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் பரிசோதகரின் பார்வையா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் மூச்சை அடக்கினான். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நான்கு. ஐந்து.

ஆறு.

“அந்த ஊதாக் கலர் கண்ணாடி,” என்றாள் அவள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. “யாருக்குடா வாங்குன?”

அவன் சிரிக்க முயன்றான். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டைப் பார்த்தான். எஃகுத் தட்டின் நடுவே பகடை அசையாமல் இருந்தது. கைக்கு அகப்படாத புள்ளி கண்ணுக்கு அகப்பட்டது; பள்ளம் தேய்ந்து மழுங்கியிருந்தாலும் வெள்ளைச் சாயம் கொஞ்சம் மிச்சமிருந்தது. வாலுக்கு நேரே இல்லை. வட்டத்துக்குக் கீழே. ஆறு.

அவன் உள்ளங்கையைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தான்.

மணிமொழி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அவள் பார்க்கும் வரை அது ஒன்பதுதான்.